தொடை இடுக்குக் குடலிறக்கம்: திறந்த அறுவையா, லேப்ராஸ்கோபியா? அப்பாவுக்காகக் கேட்கிறேன்

தறிச்சத்தம்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 61 வயது. பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் பாவு நூல் சுற்றிய கனமான பீம்களைத் தூக்கி ஏற்றும் வேலையிலேயே பெரும்பகுதி வாழ்நாளைக் கழித்தவர். ஓராண்டாக அவருக்கு வலப்பக்கத் தொடை இடுக்கில் ஒரு வீக்கம் இருக்கிறது. நின்றால் வெளியே வருகிறது, படுத்துக் கையால் அழுத்தினால் உள்ளே போய்விடுகிறது. சில மாதங்களாக மாலை நேரத்தில் அந்த இடத்தில் இழுத்துப் பிடிக்கும் வலியும் சேர்ந்திருக்கிறது.

இரண்டு மருத்துவர்களிடம் காட்டினோம். குடலிறக்கம் (ஹெர்னியா)தான் என்பதில் இருவருக்கும் ஐயம் இல்லை. முதலாமவர் தொடை இடுக்கில் கீறி, லிச்சென்ஸ்டைன் முறையில் வலை வைத்துத் தைக்கலாம் என்கிறார். இரண்டாமவர் மூன்று சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோபி செய்தால் வலி குறையும், விரைவில் வேலைக்குப் போகலாம் என்கிறார். செலவோ ஏறக்குறைய இரு மடங்கு. இதற்கிடையில், எங்கள் உறவுக்காரர் ஒருவர் வலை வைத்த பிறகு நீண்ட நாள் வலியால் துன்பப்பட்டதை நேரில் பார்த்திருப்பதால், வலை என்ற சொல்லைக் கேட்டாலே அப்பா தயங்குகிறார்.

எந்த முறை நல்லது? வலை இல்லாமல் செய்ய வழி உண்டா? மீண்டும் பீம் தூக்கலாமா, எப்போது? அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பொன்னிக்கரை:

அரசு மருத்துவமனைகளில் பொது அறுவை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் தந்தையைத் தொட்டுப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் அந்த இரு மருத்துவர்களிடமும் என்ன கேட்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்ல முடியும்.

ஆண் குழந்தையின் விதைகள் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் வயிற்றுச் சுவரைக் கடந்து விதைப்பைக்கு இறங்குகின்றன. அவை இறங்கிய பாதை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளமுள்ள சாய்வான ஒரு கால்வாயாக வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. விதைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் அதன் வழியாகத்தான் போகின்றன. அந்தக் கால்வாயின் உள்வாய் விரிந்து அதன் வழியே குடலோ கொழுப்போ இறங்கினால் அது மறைமுகக் குடலிறக்கம். கால்வாயின் பின்சுவரே நைந்து நேராக முன்னோக்கிப் பிதுங்கினால் அது நேரடிக் குடலிறக்கம். ஆண்களில் நூற்றுக்கு 27 பேருக்கும் பெண்களில் நூற்றுக்கு 3 பேருக்கும் வாழ்நாளில் ஒரு முறையாவது இது வரக்கூடும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. பளு தூக்கியதால் மட்டுமே வந்தது என்று அவர் தம்மை நொந்துகொள்ள வேண்டாம். பிறவியமைப்பு, திசுக்களில் உள்ள கொலாஜன் புரதத்தின் தன்மை, புகைபிடித்தல், நாள்பட்ட இருமல் என்று பலவும் இதில் சேர்கின்றன.

முறைகளின் வரலாறு தெரிந்தால் இன்றைய விவாதம் எளிதில் விளங்கும். 1880களில் இத்தாலியின் பாதுவா நகரில் எடோவார்டோ பாஸ்ஸினி, கால்வாயின் பின்சுவரைத் திறந்து, தசையையும் படலத்தையும் சேர்த்து தொடை இடுக்குத் தசைநாருடன் தைக்கும் முறையை வகுத்தார். அதுவரை ஏறக்குறைய எல்லாருக்கும் திரும்பி வந்துகொண்டிருந்த நோய்க்கு முதன்முதலாக நிலையான தீர்வு கிடைத்தது. ஆயினும் இயல்பாக விலகியிருக்கும் இரண்டு திசுக்களை இழுத்துச் சேர்த்துக் கட்டுவதால் தையலில் எப்போதும் இழுவிசை இருந்தது; அந்த இழுவிசைதான் வலிக்கும், பின்னாளில் தையல் விட்டுப்போவதற்கும் காரணம். கனடாவில் எட்வர்ட் எர்ல் ஷோல்டைஸ் அதையே நான்கு அடுக்குத் தையலாக நுணுக்கப்படுத்தினார். அவர் 1945இல் தொடங்கிய மருத்துவமனை இன்றும் குடலிறக்க அறுவையை மட்டுமே செய்து வருகிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் இர்விங் லிச்சென்ஸ்டைன் 1984இல் வேறொரு வழியைப் பிடித்தார். திசுக்களை இழுக்கவே வேண்டாம், பின்சுவரின் மேல் பாலிப்ரோப்பிலீன் வலையை விரித்துத் தைத்தால் போதும், உடலே அதன் கண்களுக்குள் தழும்புத் திசுவை வளர்த்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. 1989இல் ஆயிரம் நோயாளிகளின் முடிவுகளை அவர் வெளியிட்ட பிறகு உலகம் முழுவதும் அம்முறை பரவியது.

லேப்ராஸ்கோபியிலும் வைப்பது வலைதான். வைக்கும் இடம் மட்டுமே வேறு. மிதிவண்டி டயரில் ஒரு கிழிசல் வழியாக டியூப் பிதுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; திறந்த அறுவையில் ஒட்டுத்துண்டை டயரின் வெளிப்புறத்திலிருந்து வைக்கிறோம், லேப்ராஸ்கோபியில் உட்புறத்திலிருந்து, டியூபுக்கும் டயருக்கும் நடுவில் வைக்கிறோம். இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. வயிற்றறைக்குள் நுழைந்து உள்ளுறையைத் திறந்து வைப்பது 'டாப்'. வயிற்றறைக்குள் நுழையாமல், சுவரின் அடுக்குகளுக்கு இடையிலேயே இடம் உண்டாக்கி வைப்பது 'டெப்'.

இப்போது சில கேள்விகள். வீக்கம் விதைப்பை வரை இறங்குகிறதா? இடப்பக்கத்தில் ஏதேனும் உண்டா? முன்பு அடிவயிற்றில் அறுவை ஏதும் நடந்திருக்கிறதா? இதயம், நுரையீரல், சர்க்கரை எப்படி? இரவில் சிறுநீர் கழிக்க எத்தனை முறை எழுகிறார்? அப்போது முக்க வேண்டியிருக்கிறதா? புகைபிடிப்பாரா?

மலைக்கோட்டை:

எனக்கு இரு பக்கமும் இருந்ததால் டெப் முறையில் ஒரே அமர்வில் இரண்டையும் சரிசெய்தார்கள். முழு மயக்கம் கொடுத்தார்கள். தொப்புளுக்கு அருகில் ஒரு துளை, அதற்குக் கீழே நடுக்கோட்டில் இரண்டு சிறு துளைகள். அன்று மாலையே எழுந்து கழிவறைக்கு நடந்தேன். வலி துளைகளில் இருந்ததைவிட அடிவயிற்றில், கடுமையான உடற்பயிற்சிக்குப் பின் வரும் தசைவலியைப் போல இருந்தது. முதல் வார இறுதிக்குள் வீட்டைச் சுற்றி இயல்பாக நடந்தேன், அடுத்த வாரத்தில் அலுவலக வேலையைத் தொடர்ந்தேன். என்னுடையது நாற்காலி வேலை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒரு செய்தியை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் அஞ்சிவிட்டேன். அறுவைக்குப் பின் இடப்பக்கத்தில், முன்பு வீக்கம் இருந்த அதே இடத்தில், மறுபடி ஒரு வீக்கம் தோன்றியது. குடலிறக்கம் திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். அது வெற்றிடத்தில் சேர்ந்த நீர் என்றும், ஊசியால் எடுக்கத் தேவையில்லை என்றும் மருத்துவர் சொன்னார். சில வாரங்களில் தானாகவே வற்றிவிட்டது.

நெய்தல்:

நான் திறந்த முறையில், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசியுடன் செய்துகொண்டவன். எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் முழு மயக்கத்தைத் தவிர்க்க விரும்பினார்கள். அறுவை நடக்கும்போதே மருத்துவர் என்னை இருமச் சொல்லி, வலை சரியாகத் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டார். வலி இல்லை, இழுப்பதும் அழுத்துவதும் மட்டும் உணர முடிந்தது.

மறுநாள் விதைப்பையும் ஆண்குறியின் அடிப்பகுதியும் கருநீலமாக மாறிவிட்டன. பார்க்க அச்சமாக இருந்தாலும், மேலே கசிந்த இரத்தம் கீழே இறங்கியதால் வந்த நிறம்தான் அது. இறுக்கமான உள்ளாடை அணிந்து, படுக்கும்போது விதைப்பைக்குக் கீழே மடித்த துண்டை வைத்துக்கொண்டதில் மஞ்சளாகி மறைந்தது. தழும்புக்குக் கீழே உள்ளங்கை அளவு இடத்தில் உணர்ச்சி மங்கியே இருக்கிறது, ஆனால் தொல்லை இல்லை. வயதானவர்களுக்கும் இதயநோய் உள்ளவர்களுக்கும் இம்முறை ஒரு வரம் என்பது என் உறுதியான எண்ணம்.

வேம்படி:

எல்லாரும் வலையை ஏற்றுக்கொண்டே பேசுகிறீர்கள். அந்நியப் பொருளை உடலுக்குள் வாழ்நாள் முழுவதும் வைப்பது எதற்கு? புனேயைச் சேர்ந்த மருத்துவர் மோகன் டெசார்டா, நோயாளியின் உடலிலேயே உள்ள படலத்திலிருந்து ஒரு பட்டையை எடுத்துப் பின்சுவருக்கு வலுவூட்டும் முறையை 2001இல் வெளியிட்டிருக்கிறார். வலையும் வேண்டாம், அதன் செலவும் வேண்டாம். நம் நாட்டில் பிறந்த முறையை நம் மருத்துவர்களே எடுத்துச் சொல்லாதது வருத்தமளிக்கிறது. லேப்ராஸ்கோபி பெரும்பாலும் கட்டணத்துக்காகத்தான் பரிந்துரைக்கப்படுகிறது என்றும் நினைக்கிறேன்.

பொன்னிக்கரை:

வேம்படி அவர்களின் கேள்வி நியாயமானது. விரிவாகவே பதில் சொல்கிறேன்.

டெசார்டா முறையில் வயிற்றுச் சுவரின் வெளிச்சாய்தசையின் படலத்திலிருந்து ஒரு பட்டையைப் பிரித்து, அதன் இரு முனைகளையும் உடலோடு இணைந்தபடியே விட்டு, கால்வாயின் பின்சுவரின் மேல் தைக்கிறார்கள். போலந்தில் 208 ஆண்களைக் கொண்டு லிச்சென்ஸ்டைன் முறையுடன் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டுகளில் இரு முறைகளிலும் நோய் திரும்பிய அளவு சமமாகவே இருந்தது. ஆகவே அதைப் புறந்தள்ள நான் தயாராக இல்லை. ஆயினும் அந்தப் படலம் மெலிந்தோ நைந்தோ இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் வலை வைப்பதையே முதன்மையாகப் பரிந்துரைக்கின்றன. வலை வேண்டாம் என்றால் தையல் முறைகளுள் ஷோல்டைஸ் முறையை முன்னிறுத்துகின்றன. ஷோல்டைஸ் முறையை எழுத்தில் படிப்பது எளிது, கையில் கொண்டுவருவது கடினம். கனடாவின் அந்த மருத்துவமனையில் கிடைக்கும் முடிவு, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் அதைச் செய்பவர் கையில் கிடைக்காது.

லேப்ராஸ்கோபி கட்டணத்துக்காக என்பதை நான் ஏற்கவில்லை. இரு பக்கமும் இருப்பவர்களுக்கும், முன்பு திறந்த அறுவை செய்து நோய் திரும்பியவர்களுக்கும், பெண்களுக்கும் அதுவே மேலானது. தொடக்க நாட்களின் வலியும் பின்னாளின் நாள்பட்ட வலியும் அதில் குறைவு. ஆனால் அதைக் கற்றுத் தேர நெடுங்காலம் பிடிக்கும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2004இல் வெளியான பெரிய ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியது திறந்த வலை முறையில் நூற்றுக்கு 4.9 பேருக்கு, லேப்ராஸ்கோபியில் 10.1 பேருக்கு. இதைக் காட்டி லேப்ராஸ்கோபி தாழ்ந்தது என்று பலர் பேசினார்கள். அதே ஆய்வின் இன்னொரு பகுதியை அவர்கள் படிக்கவில்லை: 250க்கும் மேற்பட்ட லேப்ராஸ்கோபி அறுவைகளைச் செய்திருந்த மருத்துவர்களின் நோயாளிகளில் அந்த அளவு பாதிக்கும் கீழாக இருந்தது. எனவே "எந்த முறை?" என்று கேட்பதற்கு முன், "இந்த முறையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களைப் பின்னால் அழைத்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உடனே அறுவை செய்தே ஆக வேண்டுமா என்பதும் நியாயமான கேள்வியே. தொல்லை இல்லாத அல்லது மிகக் குறைந்த தொல்லையுள்ள 720 ஆண்களை அமெரிக்காவில் பின்தொடர்ந்து 2006இல் வெளியான ஆய்வில், காத்திருந்தவர்களிடையே குடல் சிக்கிக்கொண்ட அவசரநிலை ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் 2 பேருக்கும் குறைவு என்ற அளவிலேயே இருந்தது. ஆனால் அவர்களில் நூற்றுக்கு 68 பேர் பத்து ஆண்டுகளுக்குள், பெரும்பாலும் வலி கூடியதால், அறுவைக்கு வந்துவிட்டார்கள். உங்கள் தந்தைக்கு வலி தொடங்கிவிட்டது. அஞ்சி ஓட வேண்டியதில்லை, ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம்.

வைகைக்கரை:

அறுவை அரங்கிலும் பின்னர் வார்டிலும் செவிலியராகப் பணிபுரிந்தவள் நான். இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, இந்த இழையைப் படிக்கும் பெண்களுக்கு. நம் தாய்மார்கள் தொடை இடுக்கில் ஒரு கட்டி இருந்தால் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். பெண்களுக்கு வரும் கட்டி, தொடை இடுக்கின் மடிப்புக்குக் கீழே தொடைக்குழாய் ஓரமாக இறங்கும் வேறு வகைக் குடலிறக்கமாகவும் இருக்கலாம். அதன் வாய் மிகக் குறுகியது என்பதால் குடல் சிக்கி அழுகும் வாய்ப்பு அதிகம். மேலே மருத்துவர் ஐயா சொன்ன "காத்திருக்கலாம்" என்ற ஆய்வு ஆண்களுக்கு மட்டுமே உரியது. பெண்கள் காத்திருக்கக் கூடாது. வாந்தியுடன், வயிறு உப்பி, குடல் நைந்த நிலையில் வந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். கட்டி சிறிதாக இருந்ததால் வீட்டில் ஒருவருமே அதைப் பொருட்படுத்தியிருக்கவில்லை.

ஆணோ பெண்ணோ, இந்த அறிகுறிகளை எல்லாரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போக மறுத்தல், அது கல்லாக இறுகித் தொட முடியாமல் வலித்தல், மேலுள்ள தோல் சிவத்தல், வாந்தி, காற்றுப் பிரியாமை. இவற்றில் எது வந்தாலும் எண்ணெய் தடவி உருவிவிடாமல், பலங்கொண்ட மட்டும் அழுத்தாமல், நேராக அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வழியில் உணவோ நீரோ கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, அறுவைக்கு முந்தைய ஆயத்தம். முந்தின இரவே வீட்டில் சவர பிளேடால் மழித்துக்கொண்டு வருபவர்கள் இன்றும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகக் கிருமி நுழைய அது வாய்ப்பளிக்கிறது. முடியை அகற்ற வேண்டியிருந்தால் மருத்துவமனையிலேயே கிளிப்பரால் வெட்டிவிடுவார்கள். குளித்துவிட்டு வந்தால் போதும்.

தறிச்சத்தம்:

அனைவருக்கும் நன்றி. ஐயா கேட்டவற்றுக்கு விடைகள்: வீக்கம் விதைப்பை வரை இறங்கவில்லை. இடப்பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று இரு மருத்துவர்களும் இரும வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். முன்பு அறுவை ஏதும் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். பல ஆண்டுகளாக பீடி பிடிப்பதால் காலையில் இருமல் உண்டு. இரவில் சிறுநீருக்கு நான்கு முறையாவது எழுகிறார். கழிக்கும்போது முக்க வேண்டியிருக்கிறது என்று இப்போது கேட்ட பிறகுதான் சொன்னார். இதுவும் குடலிறக்கமும் தொடர்புடையவை என்று எங்களுக்குத் தெரியாது.

பொன்னிக்கரை:

மிகவும் தொடர்புடையவை. ஒவ்வொரு இருமலும் ஒவ்வொரு முக்கலும் வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, அதே பலவீனமான சுவரில் மோதுகின்றன. சிறுநீர்ப் பிரச்சினையைக் கவனிக்காமல் அறுவை செய்தால், அன்றிரவே சிறுநீர் அடைத்துக் குழாய் போட வேண்டி வரலாம். முதுகுத் தண்டில் ஊசி போட்டுச் செய்பவர்களுக்கு இந்த அடைப்பு கூடுதலாக வருகிறது. முதலில் சிறுநீரக மருத்துவரிடம் காட்டி, புராஸ்டேட் சுரப்பி எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பார்த்து, மாத்திரை தேவையானால் தொடங்குங்கள். புராஸ்டேட்டுக்குத் திறந்த அறுவை தேவைப்படும் நிலை வந்துவிட்டால், அதன் பிறகு அந்த இடத்தில் தழும்பு படிந்துவிடுவதால் லேப்ராஸ்கோபி கடினமாகும். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதில் இதற்கும் பங்கு உண்டு. பீடியை அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்தினால் இருமல் அடங்கும், காயமும் நன்றாக ஆறும்.

நீங்கள் சொன்ன விவரங்களின்படி இது ஒரு பக்கம் மட்டும், முதன்முறையாக வந்துள்ள, நடுத்தர அளவுக் குடலிறக்கம். இதற்குத் திறந்த வலை முறையும் லேப்ராஸ்கோபியும் இரண்டும் தகும். நுரையீரலில் பீடியின் தாக்கம் இருக்கக்கூடியவருக்கு, இடத்தை மட்டும் மரக்கச் செய்து திறந்த முறையில் செய்வதை என் கையில் வந்திருந்தால் தேர்ந்தெடுத்திருப்பேன். உங்கள் ஊரில் லேப்ராஸ்கோபியில் நன்கு தேர்ந்தவர் இருந்து, நுரையீரலும் இடம் கொடுத்தால், அதையும் குறை சொல்ல மாட்டேன்.

கரிசல்மண்:

மருத்துவ மாணவன். கொசுவலைத் துணியையே வலையாக வைக்கிறார்கள் என்று விரிவுரையில் கேட்டேன். அது உண்மையா, பாதுகாப்பானதா என்று மருத்துவர் ஐயா விளக்க முடியுமா?

பொன்னிக்கரை:

உண்மை. அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமிதமே உண்டாகிறது. மகாராஷ்டிரத்தின் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் டோங்காவ்கர், விலையுயர்ந்த வலையை வாங்க முடியாத உழவர்களுக்காக, கொசுவலைத் துணியைத் தகுந்த முறையில் கிருமிநீக்கம் செய்து பயன்படுத்தினார். தம்மைப் போன்ற ஊரக மருத்துவர்கள் சிலருடன் சேர்ந்து அதன் முடிவுகளை 2003இல் வெளியிட்டார். பிறகு கிழக்கு உகாண்டாவில் 302 ஆண்களைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, இவ்வகை மலிவு வலையையும் வணிக வலையையும் ஒப்பிட்டார்கள். 2016இல் வந்த முடிவின்படி, ஓராண்டில் மலிவு வலை வைத்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே நோய் திரும்பியது, வணிக வலைப் பிரிவில் ஒருவருக்கும் இல்லை. வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது அன்று.

பாதுகாப்பு முழுவதும் கிருமிநீக்கத்தில் இருக்கிறது. அந்தத் துணி 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவிக் கிருமிநீக்கக் கலனில் வைக்கத் தாங்கும். மற்றக் கருவிகளுக்கு வைப்பதுபோல 134 பாகையில் வைத்தால் உருகிச் சுருங்கிவிடும். பூச்சிக்கொல்லி தோய்த்த கொசுவலையை எடுக்கவே கூடாது. இன்று நம் நாட்டில் வணிக வலையின் விலையும் பெரிதும் இறங்கிவிட்டது.

பாலாற்றங்கரை:

தறிச்சத்தம் அவர்களின் உறவினர் நிலைதான் எனக்கும். ஒரு தனியார் மருத்துவமனையில் திறந்த முறையில் செய்துகொண்டேன். ஓராண்டுக்கு மேலாகியும் உட்கார்ந்து எழும்போது தொடையின் உட்பக்கம் மின்சாரம் பாய்வதைப் போன்ற வலி. திரும்பச் சென்றபோது ஸ்கேன் நன்றாக இருக்கிறது, மனப்பிரமை என்று அனுப்பிவிட்டார்கள். அறுவைக்கு முன் இப்படி ஒரு வாய்ப்பு உண்டு என்று ஒரு வரி சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன்.

பொன்னிக்கரை:

உங்கள் வலி மனப்பிரமை அன்று. தொடை இடுக்கு வழியாக மூன்று சிறு நரம்புகள் செல்கின்றன. திறந்த அறுவையில் அவற்றில் ஒன்று தையலில் மாட்டினாலோ, தழும்பில் புதைந்தாலோ நீங்கள் சொல்வது போன்ற மின்னதிர்ச்சி வலி வரும். குடலிறக்க அறுவைக்குப் பின் மூன்று மாதங்களைத் தாண்டி நீடிக்கும் குறிப்பிடத்தக்க வலி, நூற்றுக்கு 10 முதல் 12 பேருக்கு இருப்பதாக அதே பன்னாட்டு நெறிகள் சொல்கின்றன. பெரும்பாலோருக்குக் காலப்போக்கில் அது குறைந்துவிடுகிறது. அன்றாட வேலையையே முடக்கும் வலி நூற்றுக்கு 0.5 முதல் 6 பேர் வரை. இந்த எண்களை அறுவைக்கு முன் நோயாளியிடம் சொல்லாமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதை நான் தவறு என்றே கருதுகிறேன்.

உங்களுக்குச் செய்யக்கூடியவை பல உண்டு. வலி மருத்துவர் ஒருவரிடம் செல்லுங்கள். நரம்பு வலிக்கென்றே உள்ள மாத்திரைகள் இருக்கின்றன. எந்த நரம்பு என்று ஐயுறுகிறார்களோ அதைச் சுற்றி மரக்கச் செய்யும் ஊசி போட்டுப் பார்த்தால், வலி நின்றுவிடும் பட்சத்தில் காரணம் உறுதியாகும். இவை எல்லாம் பலனளிக்காவிட்டால், அந்த நரம்புகளை வெட்டி எடுக்கும் அறுவையும் உண்டு. அதை அதில் பழகியவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும்.

தறிச்சத்தம் அவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி இங்கேதான் இருக்கிறது: "அறுவையின்போது நரம்புகளைக் கண்டு, இனங்கண்டு காப்பீர்களா?" எடை குறைந்த வலை வைத்தால் வலியே வராது என்று விற்பனையாளர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். தொடக்கத்தில் சிறிது நன்மை தெரிந்தாலும் நெடுங்காலப் பயன் அதில் கூடுதல் இல்லை. வலையைச் சுருட்டிக் குழிக்குள் அடைக்கும் 'பிளக்' முறையையோ நெறிகள் பரிந்துரைக்கவே இல்லை.

கைத்தாங்கல்:

இயன்முறை மருத்துவர். வேலைக்குத் திரும்புவது பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆறு மாதம் படி ஏறக் கூடாது, வாளி தூக்கக் கூடாது என்று நம் ஊர்களில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தையலை மட்டுமே நம்பியிருந்த காலத்து அறிவுரை அது. வலை வைத்த பிறகு, வலி அனுமதிக்கும் அளவுக்கு, மூன்று முதல் ஐந்து நாட்களிலேயே அன்றாட நடமாட்டத்துக்குத் திரும்பலாம் என்பதுதான் இன்றைய நெறி. படுத்தே கிடப்பதால் மலச்சிக்கல், நெஞ்சில் சளி, காலில் இரத்த உறைவு ஆகியவைதான் வரும்.

அறுவை நாள் மாலையிலேயே உங்கள் அப்பாவைப் பிடித்து நடக்க வையுங்கள். படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழட்டும். இருமல் வரும்போது காயத்தின் மேல் சிறு தலையணையையோ உள்ளங்கையையோ அழுத்திப் பிடிக்கட்டும். வலி மாத்திரையை வலி முற்றிய பின் போடாமல் மருத்துவர் சொன்ன நேரத்துக்குப் போட்டால்தான் நடக்க முடியும். கீரை, வாழைப்பழம், போதிய தண்ணீர் தவறக் கூடாது. மலம் இறுகினால் முக்க நேரிடும். இருசக்கர வண்டியைப் பொறுத்தவரை, திடீரென்று பிரேக்கை மிதித்தால் வலி இல்லை என்ற நிலை வந்த பிறகு ஓட்டலாம்.

பாவு பீம் வேறு கணக்கு. அது இருவர் சேர்ந்து தூக்கும் பளு, திடீரென்று ஒரு பக்கம் சரியவும் கூடும். இலேசான வேலைகளை இரண்டாம் வாரத்திலிருந்து தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் படிப்படியாக எடையைக் கூட்டலாம். முதலில் நூல்கண்டுப் பெட்டிகள், பிறகு பாதி எடை, கடைசியாக பீம். இது வலைக்கு அஞ்சிச் சொல்வது அன்று. வலியால் உடலைக் கோணிக்கொண்டு தூக்கினால் முதுகு போய்விடும் என்பதற்காகச் சொல்கிறேன். கூடத்தில் தூக்கு வண்டி இருந்தால் இனி அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

தறிச்சத்தம்:

சிறுநீரக மருத்துவரிடம் காட்டினோம். புராஸ்டேட் வீங்கியிருக்கிறது, மாத்திரையில் அடங்கும் என்று தொடங்கியிருக்கிறார். ஒரு மாதம் கழித்துக் குடலிறக்க அறுவையை வைத்துக்கொள்ளலாம் என்றார். இரு அறுவை மருத்துவர்களிடமும் நீங்கள் சொன்ன கேள்விகளைக் கேட்டேன். திறந்த முறை செய்பவர் இருபது ஆண்டுகளாக இதையே வாரந்தோறும் செய்வதாகவும், மூன்று நரம்புகளையும் தேடிப் பார்த்துக் காப்பதாகவும், இடத்தை மட்டும் மரக்கச் செய்தே முடிக்கலாம் என்றும் பொறுமையாகச் சொன்னார். வலையின் ஒரு துண்டை அப்பாவின் கையிலேயே கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நூலோடு வாழ்ந்த அப்பா அதை இழுத்துப் பார்த்து, நெசவு நன்றாக இருக்கிறது என்றார். அவரிடமே செய்துகொள்வதாக முடிவெடுத்துவிட்டோம். பீடியை நிறுத்தியிருக்கிறார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அதுவரை மருந்துக்கடையில் விற்கும் ஹெர்னியா பெல்ட்டை அணியலாமா? அறுவைக்குப் பிறகும் அணிய வேண்டுமா?

பொன்னிக்கரை:

நல்ல மருத்துவரைக் கண்டடைந்திருக்கிறீர்கள். பெல்ட் நோயைக் குணமாக்காது. காத்திருக்கும் இந்த ஒரு மாதத்தில் நின்று வேலை செய்யும்போது இதமாக இருந்தால் அணியலாம். ஆனால் படுத்து, வீக்கத்தை முழுவதும் உள்ளே தள்ளிய பிறகே கட்ட வேண்டும். குடல் வெளியே இருக்கும்போது மேலே இறுக்கிக் கட்டினால் அது நசுங்கும். இரவில் கழற்றிவிடுங்கள். அறுவைக்குப் பிறகு பெல்ட் தேவையில்லை, இறுக்கமான உள்ளாடை போதும். இரத்த அழுத்த மாத்திரையை அறுவை நாள் காலையில் போடலாமா என்பதை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் இளக்கும் மாத்திரை எதையாவது அவர் எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.